தலைவர் குரலில் ஒரு அறிவிப்பு

டேப்பும் இல்ல, மிஷினும் இல்ல சார். மைக் செட்டு வேனக் கவுத்துப் போட்டுத் தேடுனாலும் ஒண்ணும் கெடைக்காது. அறிவிப்பு குடுக்கறவரு டீ குடிக்கப் போயிட்டாரு, மைக்கு சும்மா கெடந்துச்சு, நான் பேசுனேன்.

எங்க குலத் தலைவர் மெக்கார்டன் போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுத்துட்டாரா? எந்தப் பயலா இருந்தாலும் உள்ள தள்ளுங்கன்னாரா? சொல்வாரு.

நீங்க இன்வெர்னஸ் டவுன்காரரு, இந்த ஸ்காட்லாந்து மலைப் பள்ளத்தாக்குல எங்க குல விளையாட்டு விழாவெல்லாம் பாத்திருக்க மாட்டீங்க. மெக்கார்டன்னு பேரு உள்ளவங்க அத்தன பேரும் பேக்பைப் வாசிக்கறவங்க கூட, தலைவர் பின்னால மைதானத்தச் சுத்தி வரணும். பேரு ஒண்ணுன்னா ரத்தமும் ஒண்ணாம், உலகத்துல எந்த மூலைல இருந்தாலும் வாங்கன்னு அழைப்பு வேற. அத நம்பி ஜமைக்காவுலேர்ந்து ஒரு நர்ஸம்மா வந்துட்டாங்க. டெல்ரோஸ் மெக்கார்டன்.

எங்க குலக் கூடார வாசல்ல மோராக்னு எங்க செயலாளரம்மா. இருங்க, அவங்க மூக்குக் குரல்லயே சொல்றேன். ஐயோ கண்ணு, உங்களுக்கு அது வெறும் பேருதானே, பொது டீக்கடை அந்தப் பக்கம் இருக்கு பாருங்க. அப்டியே திரும்புது, ஒரு கனடாக்காரன். கில்ட்டுப் பாவாடைய முன்னபின்ன மாத்திக் கட்டிருக்கான். கொள்ளுப்பாட்டியோட பாட்டி மெக்கார்டனாம். அவனுக்கு விஸ்கி, கட்டிப்பிடி, கண்ணுல தண்ணி.

டெல்ரோஸம்மா அழுவல. இந்தப் பேர எங்க ஆளுங்க கேட்டு வாங்கலியேம்மான்னு மட்டும் சொன்னாங்க.

அதுக்கப்பறம்தான் வேனுக்குப் போனேன். தலைவர் குரல்ல என்ன பேசுனேன்னு திரும்பச் சொல்லணுமா? சரி. நான் மெக்கார்டன் பேசறேன். இன்னிக்கு நம்ம நடைக்கு முன்னால போகப்போறது டெல்ரோஸ் மெக்கார்டன். இந்தப் பேர நம்ம முப்பாட்டன் அவங்க முப்பாட்டன் தோள்ல சூடு வச்சு எழுதுனாரு. நம்ம கோட்டைக்குக் கூரை போட்டது ஜமைக்காவுல நம்ம தோட்டத்துல அவங்க வெட்டுன கரும்பு. அடிமைங்கள விட்டப்ப அரசாங்கம் நஷ்டஈடு குடுத்துச்சு, அவங்களுக்கில்ல, நமக்கு. நான் அவங்க பக்கத்துல நடக்கறேன்.

அதுல ஒரு வார்த்தை பொய்யா சார்? கேட்டுப் பாருங்க, பொய்யின்னு அவரே சொல்ல மாட்டாரு. நேரமும் எடமும் சரியில்லம்பாரு. எப்பக் கேட்டாலும் அதான்.

மைதானத்து நடுவுல நின்னாரு, வாய் மூடியிருக்கு, குரல் மட்டும் ஸ்பீக்கர்ல வருது. சுத்தி கேமரா. ஜனம் கைதட்டிருச்சு, பைப்பும் ஆரம்பிச்சிருச்சு. பேசுனது நான் இல்லன்னு சொல்ல அவருக்குத் தைரியம் வேணுமே. சூடு வச்ச பரம்பரைக்கு அது கூட இல்ல. டெல்ரோஸம்மா அவரு கையப் புடிச்சுக்கிட்டு, எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் பேராவது உங்க வீட்ல யாருக்காவது தெரியுமான்னு கேட்டாங்க. மழை வரும் போலன்னாரு. அம்புட்டுதான் அவரு.

என் பேரா? ஆலஸ்டர் மெக்கார்டன்.

ஆமா, அந்த மெக்கார்டன்தான். தலைவரோட மூத்த பையன். ஒரே பையனும்.

அவரு குரல்ல பேச எவ்ளோ நாள் பழகுனேன்னா கேக்கறீங்க? மோராக் குரலுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. இதுக்குப் பழகல சார். போன பனிக்காலத்துல எனக்கு மகரக்கட்டு ஒடஞ்சுது, பாத்தா அவரு குரல்தான் வந்து நிக்குது. ஃபோன எடுத்தா அம்மாவே அவருன்னு நெனச்சுப் பேசறாங்க. அதனாலதான் நாள் முழுக்க வேற யாராவது மாதிரி பேசிட்டுத் திரியறேன்.