வெட்டி எடுத்த இடங்கள்

“பாட்டுல நீ சும்மா இருக்கிற எடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டேன்டா. பின்னாடி கேட்ட டரடர சத்தமும் போச்சு. இப்ப சூப்பரா இருக்குது.”

ஆம்பூரில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு இளைஞர்களில் ஒருவன் போனை நீட்டிச் சொன்னான். மற்றவன் மடியில் கிட்டார் இருந்தது.

“இன்னாடா பண்ண? அது அக்கா மிஷின் சத்தம்டா. வூட்ல ஒக்காந்து ஷூவுக்குத் தோல் தைக்கும் இல்ல, அந்த ஓட்டத்துலதான் பாட்டையே கட்டுனேன். ஒரு பீஸ் முடிஞ்சா மிஷின நிறுத்தி நூல வெட்டும். நானும் நிறுத்துவேன். வெட்டிட்டு, ‘ம், பாடு’ன்னு சொல்லும்.”

“ஆமாடா, நடுவுல யாரோ பேசுற கொரல் கேட்டுச்சு. அதையும் எடுத்துட்டேன்.”

“பழசு உங்கிட்ட இருக்குதா?”

“அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். உன் போன்ல இருக்குமே?”

“உனக்கு அனுப்பிட்டு அன்னிக்கே அழிச்சிட்டேன். அப்ப அக்கா உசுரோட இருந்துச்சுடா.”

நண்பன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மற்றவன் கிட்டாரை மெல்ல மீட்டி இரண்டு வரி பாடினான். பிறகு நிறுத்தினான். குடியாத்தம் வந்து போன பிறகும் அவன் கை கம்பிமேல் அப்படியே இருந்தது.