ஓரச் சிப்பாயின் ஒற்றை அடி

சபையைத் தன் புன்னகையால் ஆளும் சதுரங்கக் கழகத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுமதியாய் ஒளிரச் செய்யும் மூத்தோர்களே! இடுப்பில் குழந்தையும் இதயத்தில் ஆர்வமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் இப்போதே காய் அடுக்கிக்கொண்டிருக்கும் இளம் சிங்கங்களே! நூல் எழுதிய டாக்டர் அவர்களே! அவரைத் திருத்தி எழுத வைத்த அவருடைய ஓரகத்தி அவர்களே! பதிப்பாளனாகிய என் பணிவான வணக்கம்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். நான் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாழ்த்து தானாக வரும்.

நம் டாக்டர் மயக்க மருந்து கொடுப்பவர். பகலில் மனிதர்களைத் தூங்க வைப்பார். மாலையில் கழகத்துக்கு வந்து எதிராளியின் தூக்கத்தைக் கெடுப்பார். அவருடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, கட்டட வரைபடம் வரைபவர். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே சதுரங்கப் பலகை! அடுப்படிச் சண்டை கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் வீட்டில் ராணிச் சிப்பாய்ச் சண்டை! என்னம்மா சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் உண்டா?

வெள்ளை தன் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கினால், கறுப்பு எப்படித் தடுப்பது? இந்தக் கேள்விக்கு அண்மைக் காலத்தில் கணினி காட்டியிருக்கும் புதிய வழிகளைத்தான் டாக்டர் நூலாக எழுதினார். அவற்றுள் ஒரு தடுப்பு ஓரகத்திக்கு உயிர். நடுக்களத்தில் போர் மூளும்போது, மூன்றாவது நகர்த்தலிலேயே, கறுப்பு ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தும். அவ்வளவுதான்! பழைய ஆட்டக்காரர்கள் பலர் நகைத்தார்கள். டாக்டரோ, "இறந்துபோன தடுப்பு" என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார்.

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க, ஒரு ஞாயிறு மதியம் இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஓரகத்தி அந்த அத்தியாயத்தை அப்போதுதான் படித்தார். முகம் சிவந்தது.

"அக்கா, செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நான் இவ்வளவு நாளா பொணத்தோடவா ஆடிக்கிட்டு இருந்தேன்?"

"உன்னைச் சொல்லலைம்மா, ஆட்டத்தைச் சொன்னேன்."

"பலகையை எடுங்க. நாடித்துடிப்பு இருக்கா இல்லையான்னு பாத்துடுவோம்."

தாள்களை ஒதுக்கி, பசைப் புட்டியைத் தள்ளி, என் மேசையிலேயே பலகை விரிந்தது. டாக்டர் வெள்ளை. ராணிச் சிப்பாய் பாய்ந்தது. ஓரகத்தி ஓரச் சிப்பாயை ஓரடி நகர்த்தினார். டாக்டர், தான் எழுதியபடியே நடுச் சிப்பாய்களை வெட்டி மாற்றினார். பிறகு ராணியைக் களத்தில் இறக்கினார். எதிரே காவலில்லாமல் ஒரு சிப்பாய்! விடுவாரா? வெட்டினார். வெட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணும் சிமிட்டினார்.

கறுப்புக் குதிரை ஓரத்துக்குத் தாவி ராணியைத் தாக்கியது. ராணி எங்கே போவாள்? இங்கே யானை. அங்கே மந்திரி. வழக்கமாகத் தப்பி ஓடும் கட்டம்? அதை அந்த ஓரச் சிப்பாய் காவல் காக்கிறது! வீண் என்றார்களே, அந்தச் சிப்பாய்! செத்தது என்றார்களே, அந்தச் சிப்பாய்! ஆமாம், தட்டுங்கள், நன்றாகக் கைதட்டுங்கள்!

"ராணி போச்சா டாக்டர்?" என்றேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றார்.

அடுத்த ஆட்டத்தில் டாக்டர் ஆசைப்படவில்லை, அளந்து ஆடினார். சமன். அதற்கடுத்ததும் சமன். கடைசியில் கணினியைக் கேட்டோம். அதுவும் கிட்டத்தட்டச் சமம் என்றது.

அழைப்பிதழ் போயாயிற்று, அரங்கம் பேசியாயிற்று! "ஒரு அடிக்குறிப்பு போட்டுச் சமாளிச்சிடலாமே டாக்டர்?" என்றேன்.

"மயக்கம் தெளியாத ஆளை வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா சார்?"

அந்த அத்தியாயத்தை அப்படியே உருவி ஓரகத்தியிடம் நீட்டினார். "நீயே எழுது. உனக்குத்தான் இதுமேல பாசம்."

அவர் வாங்கவில்லை. "பாசத்துல எழுதினா நானும் பொய் சொல்லிடுவேன்க்கா. நீங்க வெள்ளையா உக்காந்து அடிச்சுக்கிட்டே இருங்க. அடி தாங்கினதை மட்டும் எழுதுறேன்."

அன்பர்களே! எழுதியதைக் காப்பாற்றப் பொய்யை அடுக்கும் உலகில், எழுதியதைக் கிழிக்க எத்தனை பேருக்குக் கை வரும்? வென்ற பின்னும் "என்னை அடித்துப் பாருங்கள்" என்று கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? விழா தள்ளிப்போனது. நான் புலம்பினேன். அவர்கள் ஆடினார்கள், அடித்தார்கள், தாங்கினார்கள், எழுதினார்கள். அட்டையில் இன்று இரண்டு பெயர்கள்!

இன்று காலை டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். "சார், வெள்ளைக்குப் புதுசா ஒண்ணு தோணுது."

"ஐயோ டாக்டர், புத்தகம் தைச்சாச்சு!"

"தெரியும் சார். இவகிட்ட காட்டினேன். காபியைக்கூடத் தொடாம யோசிச்சுக்கிட்டு இருக்கா. விழாவுக்குக் கொஞ்சம் லேட்டாகும்."

வந்துவிட்டார்கள். பதில் கிடைத்ததா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அதோ பாருங்கள், மேடை மேசைமேல் இருவரும் விரலால் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அவர்களைக் கலைக்காமல் விடைபெறுகிறேன். பொறுமையாய்ச் செவிகொடுத்த பெருமனங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!