மெல்ல எழும் கட்டைகள்

பியானோக்காரி: ...அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது.

வீட்டுக்காரி: நின்னுட்டேன். நான் பாத்துக்கிட்டிருந்தா உங்களுக்குக் கை ஓடாதா?

பியானோக்காரி: அதெல்லாம் ஓடும். நீங்க மூச்சே விடாம நிக்கிறீங்க, அதான் பயமா இருக்கு.

வீட்டுக்காரி: ம்... என்னதான் கோளாறு?

பியானோக்காரி: இந்தக் கட்டையை அழுத்துறேன், பாருங்க. உள்ள சுத்தியல் போய்க் கம்பியில அடிச்சிட்டு உடனே திரும்பணும். கட்டையும் அதோடயே மேல வந்துடணும். இது எப்படி வருது?

வீட்டுக்காரி: மெதுவா...

பியானோக்காரி: மெதுவாவா? திங்கக்கிழமை வேலைக்குக் கிளம்புறவன் மாதிரி வருது.

வீட்டுக்காரி: நல்லாச் சொன்னீங்க போங்க.

பியானோக்காரி: அப்பாடா, சிரிச்சுட்டீங்க. ஒண்ணுமில்லக்கா, சுத்தியல் ஆடுற இடத்துல சின்னதா ஒரு ஊசி இருக்கு. அதைச் சுத்திக் கம்பளித் துணி. ஈரம் பட்டா துணி ஊதி ஊசியைக் கவ்விக்கும். ஊசியை உருவிட்டு, துணியை லேசாச் சுரண்டி, வேற ஊசி போட்டா சரியாயிடும்.

வீட்டுக்காரி: மழைக்காலம்னா அப்படித்தானே?

பியானோக்காரி: மழைன்னா எல்லாத்துக்கும்தானே ஈரம் ஏறணும்? அஞ்சே அஞ்சுதான் இறுகியிருக்கு. அதுவும் பக்கத்துப் பக்கத்துல... ஒரு கையை விரிச்சு வச்ச மாதிரி. போன தடவை நான் வந்து சரி பண்ணினதும் இதே அஞ்சுதான்.

வீட்டுக்காரி: டீ போடட்டுமா?

பியானோக்காரி: பேச்சை மாத்தாதீங்க. யாரு இதை வாசிக்கிறது?

வீட்டுக்காரி: யாருமில்ல. என் நாத்தனாரோடது. அவ போனதுலேர்ந்து மூடியைப் பூட்டியே வச்சிருக்கேன். சாவி என்கிட்டதான்.

பியானோக்காரி: போனதுன்னா... கல்யாணமாகியா?

வீட்டுக்காரி: இல்லம்மா. காய்ச்சல் வந்து.

பியானோக்காரி: அய்யோ... தெரியாமக் கேட்டுட்டேன்.

வீட்டுக்காரி: அவ அண்ணனுக்கு அப்ப ராத்திரி வேலை. பகல்ல தூங்குவார். லேசாச் சத்தம் கேட்டாலும் கத்துவார். அதனால அவ கட்டையை மெத்து மெத்துன்னு, சத்தமே வராம அழுத்துவா.

பியானோக்காரி: ஆமா, அப்படி அழுத்தினா சுத்தியல் கம்பியை எட்டாது.

வீட்டுக்காரி: நான் பக்கத்துல உக்காந்து, கட்டை இறங்குறதைப் பாத்தே என்ன பாட்டுன்னு சொல்லிடுவேன். "அண்ணி, உங்களுக்குக் காது கண்ணுலயா இருக்கு?"ன்னு கேலி பண்ணுவா. இந்த வீட்டுக்கு நான் வந்த புதுசுல என்கூட உக்காந்து பேசினது அவ ஒருத்திதான்.

பியானோக்காரி: அப்படியிருக்க இதை விக்கிறீங்களே... சாயங்காலம் வாங்குறவங்க வர்றாங்க, அதுக்குள்ள முடிச்சுக் குடுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார்.

வீட்டுக்காரி: அவருக்கு இடம் அடைக்குதாம்... ஏம்மா, முடியலன்னு சொல்லிடுங்களேன்.

பியானோக்காரி: என்னது?

வீட்டுக்காரி: சாமான் கிடைக்கலன்னு... இல்ல, இது தேறாதுன்னு...

பியானோக்காரி: அக்கா, இங்க பாருங்க. ஊசியோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. என்ன இது?

வீட்டுக்காரி: நூல்.

பியானோக்காரி: நீல நூல். உங்க தோள்ல கிடக்குற துண்டு என்ன நிறம்?

வீட்டுக்காரி: நீலம்தான்.

பியானோக்காரி: முன்பலகையைக் கழட்டி, ஈரத் துண்டை அந்த அஞ்சு மேலயும் போட்டு வச்சிருக்கீங்க. விக்க விடக் கூடாதுன்னுதானே? நேராச் சொல்லியிருந்தா...

வீட்டுக்காரி: விக்கிற பேச்சே இப்பத்தானே வந்தது. போன தடவை யாரு விக்கப் போனா?

பியானோக்காரி: அப்ப எதுக்கு?

வீட்டுக்காரி: சிரிக்க மாட்டீங்களே?

பியானோக்காரி: சிரிக்கிற மூஞ்சியாவா இருக்கு?

வீட்டுக்காரி: கட்டை நல்லா இருந்தா, விரலை எடுத்ததும் பட்டுன்னு மேல வந்துடும். நான் அடுப்படியிலேர்ந்து ஓடி வந்து மூடியைத் திறக்குறதுக்குள்ள எல்லாம் ஒரே வரிசையா, ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும். இறுகியிருந்தா... மெதுவாத்தானே ஏறும்?

பியானோக்காரி: ஏறும்னா... யாரு அழுத்தி?

வீட்டுக்காரி: அவ கை வழக்கமா அந்த அஞ்சு மேலதான் கிடக்கும். மதியத்துல திறந்தா, அதுல ஒண்ணு ரெண்டு இன்னும் ஏறிக்கிட்டிருக்கும். இப்பத்தான் எழுந்து போயிருக்கான்னு தெரியும். எனக்கு அது போதும்... நீங்க அஞ்சையும் சரி பண்ணிட்டா, அவ வந்தாலும் எனக்குத் தெரியாது. இதை வித்துட்டா அவ வந்து எங்க உக்காருவா?

பியானோக்காரி: அந்த ஊசி டப்பாவைக் கொஞ்சம் எடுங்கக்கா.

வீட்டுக்காரி: பைத்தியம்னு நினைக்கிறீங்க. அவரும் அதைத்தான் சொல்வார். சொல்லுங்க, பரவாயில்ல.

பியானோக்காரி: நாலு கட்டையைச் சரி பண்ணிட்டேன். நடுவுல இருக்கிறதை மட்டும் தொடலக்கா. அது சரியாகவே ஆகாது, வாங்குறவங்களை வேற இடம் பாக்கச் சொல்லுங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.

வீட்டுக்காரி: நிஜமாவா? எனக்காகவாம்மா?

பியானோக்காரி: உங்களுக்காக மட்டும் இல்ல... நான் வந்தவுடனே சாவியைக் கையில குடுத்துட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனீங்கள்ல? பூட்டைத் திறந்து மூடியைத் தூக்குறேன்... அந்த நடுக்கட்டை அப்பத்தான் ஏறிக்கிட்டிருந்துச்சு. விரலை வச்சுப் பாத்தேன்க்கா... சூடா இருந்துச்சு.