தையற்கடை வாசலில் மீசையைப் பிய்த்தெறிந்த இன்ஸ்பெக்டருக்கு

சங்கரன்கோவில் மணிக்கதிர் தொலைக்காட்சியில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்து இன்று பணி நிறைவு காணும் திரு. இசக்கிப்பாண்டி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் படித்தளிக்கும் மடல்

கேபிள் கம்பியைத் தோளில் சுமந்து மாடி விட்டு மாடி தாண்டிய மாமனிதரே! காணாமற்போன ஆட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒரே கனிவோடு அறிவிப்பு வாசித்த குரலே! சனிக்கிழமை தவறாமல் இந்த ஊரைச் சிரிக்க வைத்த ‘இன்ஸ்பெக்டர் இடிமுழக்கம்’ அவர்களே! எங்கள் அண்ணாச்சி!

வணக்கம்.

இத்தகைய மடல்களை மகிழ்ச்சியோடும் கொஞ்சம் கண்ணீரோடும் எழுதுவார்கள். இதை நாங்கள் கோபத்தோடு எழுதியிருக்கிறோம். பூச்சரம் போட்ட மேடையில் கோபம் பொருந்தாது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் இந்த இடத்தைப் பற்றி. நிலையத்தின் மாடி அரங்கில் நடந்திருக்க வேண்டிய விழா இது. அந்த அரங்கின் நாற்காலிகள்கூட நீங்கள் பார்த்து வாங்கியவை. அதைப் பூட்டிவிட்டார்கள். அதனால் புளியங்குடி சாலையில், ஒரு கலியாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், கழுவிக் கவிழ்த்த சாம்பார் வாளிகளுக்கு நடுவே உங்களை உட்கார வைத்திருக்கிறோம். நிலைய முதலாளி நேற்று ஆள் விட்டுச் சொன்னார்: “அந்த ஆளுக்கு மடல் படிக்கவங்க தாராளமாப் படிக்கட்டும். படிச்சுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிரட்டும். இனிமே ஆபீசுப் பக்கம் வரவேண்டாம்.”

வரப் போவதில்லை. படிக்கிறோம்.

அண்ணாச்சி! நிலையம் தொடங்கிய காலத்தில் நீங்கள்தான் கேமரா, நீங்கள்தான் செய்தி, நீங்கள்தான் மின்சாரம் போனால் ஜெனரேட்டரை மிதித்து எழுப்பும் ஆள். மேலநீலிதநல்லூரில் மழை பொய்த்த ஆண்டு, வெடித்த கரிசலைப் படம் பிடித்துவிட்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். பேருந்து கவிழ்ந்த இடத்தில் இறந்தவர்களின் முகத்தைக் காட்டச் சொல்லித் தொலைபேசி அலறியபோது கேமராவைத் தரையைப் பார்க்கத் திருப்பினீர்கள். நேரலையில் ஐந்து நிமிடம் வெறும் தார்ச்சாலை ஓடியது. அன்றைக்கு வாங்கிய வசவை எங்களிடம் நீங்கள் சொன்னதேயில்லை. வேறு ஆள் சொல்லித்தான் தெரியும்.

பிறகு வந்தது ‘சும்மா ஒரு களவு’. அந்த நாடகத்தை அறியாதவர் இந்தக் கூடத்தில் ஒருவர் இருக்கிறார். அவருக்காகச் சொல்கிறோம். ஒரு நாவிதர், அவர் மனைவி, அவர் மைத்துனன். மூவரும் யோக்கியமானவர்கள். வாரம் ஒருமுறை, தங்களை அறியாமல், ஏதாவது ஒரு குற்றத்தில் போய் விழுவார்கள். எலுமிச்சை மூட்டை மாறிப் போகும். அதைத் திருப்பிக் கொடுக்கப் போய்த் திருடர்கள் ஆவார்கள். அவர்களைப் பிடிக்க வருகிறவர் ஒட்டு மீசை வைத்த இன்ஸ்பெக்டர் இடிமுழக்கம். அவர் யாரையும் பிடித்ததில்லை. சாணியில் வழுக்கி விழுவார், தன் கைவிலங்கில் தானே மாட்டுவார். “யூனிபாரம் போட்டவன்தான் தோக்கணும். எளிய ஆளு தோத்தா அது காமெடி இல்ல, அக்கிரமம்” என்பது நீங்கள் வகுத்த சட்டம். அதை ஒருவரும் மீறியதில்லை.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஊர்க்காரர் ஒருவர் தன் சொந்தக் கடையில், தானாகவே வந்து நடிப்பார். பரோட்டா மாஸ்டர், வாழைமண்டிக்காரர், வளையல் கடைக்காரர். ஒத்திகை பார்த்தால் அவர்கள் விறைத்துப் போவார்கள். ஆகவே படப்பிடிப்புக்கு முன் நாங்கள் யாரும் அவர்களிடம் பேசுவதில்லை. முதலாளி மட்டும் தனியே பேசி வைப்பார். நாங்கள் திடீரென்று போய் நிற்போம்; அவர் மிரள்வார், உளறுவார், சிரிப்பார். முடிந்ததும் கைதட்டி ஒரு துண்டு போர்த்துவோம். அந்தத் துண்டைப் பல கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த நல்ல வழக்கத்தைத்தான் முதலாளி கடப்பாரையாக்கினார்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம். முதலாளி எங்களை அழைத்தார். நிலையத்தை ஒட்டிய தையற்கடையில் அடுத்த காட்சி என்றார். போலீஸ் வந்து கடையைக் காலி செய்ய வேண்டும். “அந்தப் பொம்பளகிட்டப் பேசியாச்சுவே. அழச் சொல்லியிருக்கேன். நல்லா அழும். நீங்க சாமானத் தூக்கி வெளிய வச்சாப் போதும்.”

நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். “கடைக்காரங்க தோக்குத மாதிரி வருதே, மொதலாளி?”

“அடுத்த வாரம் ஜெயிக்க வச்சிருவோம். சரின்னு சொல்லும்.”

நீங்கள் சரி என்றீர்கள். நாங்களும் சரி என்றோம். யோக்கியமானவர்கள் குற்றத்துக்குள் போகும் வாசல் எவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று வாரந்தோறும் நடித்துக் காட்டியவர்கள், எங்கள் காலடியில் அந்த வாசல் வந்தபோது பார்க்கவில்லை.

ரூபியா அக்கா மூன்று வருடமாக அந்தக் கடையில் தைத்து வந்தார். தன் மருமகனுக்கு அந்த இடம் வேண்டுமென்று, கடைக்கும் சொந்தக்காரரான முதலாளி கேட்டிருந்ததும், வாடகை ஒப்பந்தக் காலம் முடியாமல் தரமுடியாது என்று அக்கா மறுத்திருந்ததும் எங்களுக்குத் தெரியாது. அவர் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. இடிமுழக்கத்தை அவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது போலீஸ்.

“ஐயா, எந்த ஸ்டேஷன்ல இருந்து வாரீய? ஒரு வார்த்த முன்னாடி சொல்லப்புடாதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைய யூனிபாரம் எல்லாம் உள்ள கெடக்கே!”

“பேச்சக் கொறம்மா! கையில கத்திரிக்கோல் வச்சிருக்க ஆளு நீ. ஆயுதக் கேசுல உள்ள தள்ளிருவேன்!” என்று இடிமுழக்கமாக அதட்டினீர்கள்.

தெருவே சிரித்தது. “ஏலே, அண்ணாச்சி மீச இன்னைக்குத்தாம்லே நேரா ஒட்டியிருக்கு!” என்று ஒருவன் கத்தினான். தன் பிழைப்பு தெருவில் கிடப்பதைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்றுதான் அக்கா நினைத்தார். வேறு எப்படி நினைப்பார்? கான்ஸ்டபிள் வேடம் போட்ட பாண்டியராஜன் தையல் இயந்திரத்தைத் தூக்கி வந்து வெயிலில் வைத்தான். சங்கர் கேமராவோடு அக்காவின் முகத்துக்கு நெருங்கினான். அந்த அழுகை ஒரு துளியும் சிந்தாமல் எங்களுக்குக் கிடைத்தது. கைதட்டினோம். ஒப்பனை செய்யும் மாரிசெல்வி ஓடிப்போய்த் துண்டைப் போர்த்தினாள்.

“அக்கா, அசல் அழுகைக்கா! எங்க ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் ஒங்ககிட்டப் பிச்ச வாங்கணும்!”

அக்கா துண்டைப் பார்த்தார். “இது எதுக்கும்மா?”

அந்தக் கேள்வி இன்னும் எங்களை விடவில்லை. எங்களில் சிலர் வீட்டில் சாப்பிடும்போதும் அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

நீங்கள்தான் கேட்டீர்கள். “தாயி, ஒங்ககிட்ட யாரும் வந்து பேசலியா?”

“யாரு? என்ன பேசணும்?”

நீங்கள் மீசையைப் பிய்த்துத் தரையில் எறிந்தீர்கள். மேலுதட்டில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் முதலாளியின் ஆட்கள் ஷட்டரை இறக்கிப் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

அண்ணாச்சி, வேடத்தைக் கலைக்கக்கூட நில்லாமல் காவல் நிலையத்துக்கு நடந்தீர்கள். வாசலில் நின்ற காவலர் உங்கள் தோளில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்து விறைப்பாக வணக்கம் வைத்ததையும், “தம்பி, கைய எறக்குங்க. இந்த யூனிபாரத்துல ஒரு தப்புப் பண்ணிட்டேன், எம்மேல கேஸ் எழுதுங்க” என்று நீங்கள் சொன்னதையும் பிறகு எங்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை. ஏவியது யார் என்று அங்கே சொன்னீர்கள். உடன் வந்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

முதலாளி கைவிரித்தார். “கேமராவ எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிருக்காரு. பாவம், வயசாச்சு. அந்தப் பொம்பளையோட என்ன தகராறோ!” படம் அழிக்கப்பட்டது. எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: “அன்னைக்கு ஒங்க எல்லாருக்கும் லீவு. புரியுதா? லீவு.”

விசாரிக்க வந்தவர்களிடம் லீவு என்றோம். வழக்கு உங்கள் ஒருவர்மீது மட்டும் நின்றது.

இந்த மடலில் உங்கள் நற்குணங்களை மட்டும் எழுதிவிட்டு அந்தச் சொல்லை மறைத்திருந்தால் இது மடலாக இருக்காது, இன்னொரு நாடகமாகியிருக்கும். ஆனால் எங்கள் கோபத்தின் பெரும்பங்கு எங்கள்மீது அல்ல. ஊர் தன்னை நம்பிக் கடையைத் திறந்துவிட்டதை, ஓர் ஏழைப் பெண்ணைத் துரத்தும் கருவியாக்கிய மனிதர்மீது. ‘போலீஸ் வந்து காலி செய்தது’ என்று அவள் சொன்னால் போலீஸ் சிரிக்கும், ‘நாடகமாடி ஏமாற்றினார்கள்’ என்று சொன்னால் ஊர் சிரிக்கும். இரண்டு பக்கமும் சிரிப்பைக் காவல் வைத்துவிட்டு நடுவில் பூட்டுப் போட்ட அந்தக் கெட்டிக்காரத்தனத்தின்மீது.

அதோடும் நிறுத்தவில்லை. போன வாரம் இன்ஸ்பெக்டர் வேடத்துக்குப் புது ஆளை வைத்து, ஒரு நடிகையைத் தையற்காரியாக்கி, அதே காட்சியை மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்தோம். படத்தொகுப்பில் அவள் அழுகிற இடத்தில் சிரிப்பொலி சேர்க்கச் சொன்னார். தொகுப்பாளர் சண்முகசுந்தரி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அழுகை, அதன்மேல் நூறு பேர் சிரிப்பு.

“சேர்த்தாச்சா?” என்றார் முதலாளி.

“சேர்க்க முடியாது, சார்.”

“ஏன்? மிஷின் கோளாறா?”

“மிஷின் நல்லாத்தான் இருக்கு” என்று எழுந்து வெளியே வந்தார். அவர் பின்னால் மாரிசெல்வி வந்தாள். பிறகு மற்றவர்கள். அங்கேயே தெருவில் நின்று, நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தோம்.

அண்ணாச்சி! உங்கள்மீதும் எங்களுக்குக் கோபம் உண்டு. நேற்று நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, “நீங்க ஒண்ணும் கோர்ட்டுக்கு வராதிய மக்கா. ஒரு ஆளு மாட்டுனா போதும். ஒங்களுக்குப் பிள்ளகுட்டி இருக்கு” என்றீர்கள். இந்த ஒன்றில் நீங்கள் தவறு. நீங்கள் தனியாக நின்றால் அது ஒரு கிழட்டு நடிகனின் கிறுக்குத்தனம் என்று தீரும். அந்தப் பூட்டு அப்படியே தொங்கும். அக்கா புளியங்குடியில் தங்கை வீட்டு வாசலில், பேருந்துப் புழுதியில், இரவல் இயந்திரத்தில் தைத்துக்கொண்டே இருப்பார். உங்கள் தியாகத்தால் அவருக்கு ஒரு முழம் நிழல்கூடத் திரும்பாது. எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் காப்பாற்றிக்கொண்டிருப்பது முதலாளியை.

வக்கீலைப் பார்த்துவிட்டோம். “சாட்சி சொல்லப் போயி நீங்களும் குத்தவாளி ஆகலாம், யோசிச்சுக்கங்க” என்றார். யோசித்தாயிற்று.

இந்தக் கூடத்தின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ரூபியா அக்கா! இது உங்களுக்கான மடல் அல்ல என்றாலும் அழைத்ததும் வந்தீர்கள். உங்களிடம் மன்னிப்பை இங்கே கேட்டு, கைதட்டலோடு முடித்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. அதை வரும் புதன்கிழமை நீதிமன்றத்தில், யார் ஏவினார் என்று பெயர் சொல்லிக் கேட்கிறோம்.

அண்ணாச்சி! நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். நோயில்லாமல், கம்பிக்கு இந்தப் பக்கம், உங்கள் வீட்டில், நன்றாகச் சாப்பிட்டு வாழ வேண்டும். உதட்டுப் புண் ஆறி நீங்களே ஒரு மீசை வளர்த்து அதை முறுக்க வேண்டும். புதன்கிழமை காலையில் நீங்கள் தனியாகக் கிளம்பினால் தெருமுனையில் நாங்கள் நிற்போம். தடுத்தாலும் கூடவே நடப்போம்.

இத்தகைய மடலின் கீழே ‘பணியாளர்கள்’ என்று ஒரே சொல்லில் ஒப்பமிடுவது வழக்கம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ளலாம். ஆகவே,

மாரிசெல்வி — அன்று உங்களுக்கு மீசை ஒட்டியவள், துண்டு போர்த்தியவள்.

சங்கர் — அன்று கேமரா பிடித்தவன்.

பாண்டியராஜன் — அன்று தையல் இயந்திரத்தைத் தூக்கி வெயிலில் வைத்தவன்.

சண்முகசுந்தரி — அந்தப் படத்தை, முதலாளி சொல்ல, அழித்தவள்.

நாங்கள் நால்வரும் அன்று வேலையில் இருந்தோம்.