கோடு எழும்பிய நாள்

ஐயா, ஆபீஸ் தண்ணீர் டிரம்மை நிரப்புவது என் வேலையே இல்லை. யாரும் செய்யாததால் நான் செய்தேன். நன்றியெல்லாம் எதிர்பார்க்கவில்லை.

என் வேலை, தண்ணீரில் விஷம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் கண்ணாடிச் சில்லு செய்வது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி மேடுகளை நெருக்கமாக எழுப்புவேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு லேசர் அடித்தால், மேடுகளின் இடுக்கில் துளி விஷம் சிக்கியிருந்தாலும் அதில் பட்டுச் சிதறும் ஒளி பல மடங்கு பெருகி, திரையில் ஒரு கோடு கூராக எழும்பும். சோதனைக்கு நானே விஷம் கலந்து காட்டினேன். மேலாளர் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்களே கலந்து நீங்களே கண்டுபிடிச்சா யாரு நம்புவா? ஜனங்க குடிக்கிற தண்ணியில காட்டுங்க. இல்லேன்னா செக்‌ஷனை மூடிடலாம்."

நியாயமான பேச்சு. அதனால் பூச்சிமருந்தை டிரம்மிலேயே கலந்தேன். துளிதான். கோடு எழும்பவில்லை. மறுநாள் கொஞ்சம் கூட்டினேன். எனக்கு வெளித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுவேன்.

என் மனைவியின் தம்பிக்கும் அங்கேதான் வேலை. "மாமா, தண்ணி கசக்குது" என்றான்.

"நாக்கை நம்பாதடா. மெஷினே ஒண்ணும் சொல்லல" என்றேன். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடப் படிப்பைவிட இவன் நாக்கு பெரிதா?

வெள்ளி காற்றுப் பட்டால் கறுத்து வீணாகும், சில்லுகளை மூடி வையுங்கள் என்று சொன்னவனும் அவன்தான். மூடி வைத்தால் அந்த மினுமினுப்பை யார் பார்ப்பது? திறந்தே வைத்திருந்தேன். கறுத்துத்தான் போயின. அதற்காக என் சில்லையே சந்தேகப்பட முடியுமா?

கணக்குப் பிரிவில் நாலு பேர் வாந்தி எடுத்தார்கள். மேலாளர் அம்மா மயங்கி விழுந்தார். பாவமாகத்தான் இருந்தது. பாதியில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று இன்னும் கூட்டினேன்.

ஒருவழியாகக் கோடு எழும்பியது. என் கண் கலங்கிவிட்டது. யாருக்காவது காட்டலாம் என்று திரும்பினால் ஆபீஸில் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் ஆஸ்பத்திரியில், மைத்துனனும்தான். தாளில் அச்செடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மைத்துனன் கட்டிலை அப்போதுதான் காலி செய்திருந்தார்கள். என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாரு, வந்துடுச்சு" என்று நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

கலந்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் விஷம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது என் சில்லு. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.