பட்டாளத் தொப்பிக்குள் ஒரு தேங்காய்

"...தொப்பி நெளியல்லேண்ணு பெருமை பேசாதயும் ஆசாரியாரே. உள்ள வச்ச தேங்கா பொளந்து கெடக்கே, அது யாருக்க தலை?"

தக்கலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. கேட்டவள் குளச்சல் மீன்காரி. எதிரே நின்ற கொல்லாசாரி, பட்டாளத்துக்கென்று தாமே அடித்த இரும்புத் தொப்பியைத் திருவனந்தபுரத்துத் துரையிடம் காட்டப் புறப்பட்டவர். உறுதியைக் காட்ட, உரித்த தேங்காய் ஒன்றின்மேல் அதைக் கவிழ்த்துச் சுத்தியலால் ஓங்கி அடித்திருந்தார்.

"இரும்பைப் பத்தி மீன்காரிக்கு என்ன தெரியும்?"

"இரும்பு தெரியாது. தலை தெரியும். எனக்க மவன் பட்டாளத்துல கெடக்கான். துரை சரிண்ணு சொன்னா இது அவன் தலையிலயும்தான் ஏறும்."

"அதுக்கு உள்ள மெத்தை தைக்கவா?"

"தைக்கணும். சும்மாடு வைக்காம நான் ஒருநாளாவது கூடை சுமந்தேனா?"

"சும்மாடா? துரை சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். சிரிச்சா துரைக்குப் பல்லுதான் வெளிய தெரியும். எனக்க மவனுக்கு மூளைல்லா வெளிய வரும்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆசாரி சிரிக்கவில்லை. "வாயால எல்லாம் சொல்லலாம்" என்றார்.

அவள் கூடையை இறக்கினாள். தலையிலிருந்த துணிச் சும்மாட்டை எடுத்துத் தொப்பிக்குள் அமுக்கி, தொப்பியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சுத்தியலை எடுத்து ஆசாரியின் கையில் கொடுத்தாள்.