இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே

இடுப்புவலிக்குக் கோரைப்பாய்தான் நல்லது, இலவம்பஞ்சு மெத்தை ஆகாது. வீட்டில் மெத்தை இருந்தும் அவரைப் பாயில்தான் படுக்கவைத்திருக்கிறேன். புருஷனை நான் கவனிக்கவில்லை என்று சிவகாசியில் ஒருவரும் சொல்லமாட்டார்கள், டாக்டர். நீங்கள் மதுரையிலிருந்து வந்து, அவர் காலைத் தூக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டீர்கள். அவர் காதில் விழாத இடமாக உட்காருவோம், சொல்கிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில், எங்கள் பட்டாசுக்கு லேபிள் அச்சடிக்கும் மெஷினை மாட்ட ஒரு ஜெர்மன்காரர் வந்தார். வயதானவர், ஆனால் முதுகு பனைமரம் மாதிரி இருக்கும். லோடு ஏற்றும்போது பெட்டியைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டதில் என் வீட்டுக்காரர் அப்போது ஒரு வருஷமாகப் படுக்கை. விஷயத்தைக் கேட்ட ஜெர்மன்காரர் தானே பாயில் படுத்துக் காட்டினார். முதல் யுத்தத்தில் சிறைமுகாமில் இருந்தபோது கற்றுக்கொண்டதாம். அவர் பேசியதை லேபிள் பிரஸ் மானேஜர் தமிழில் சொன்னார். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை மெதுவாக விட்டுக் காலைத் தூக்க வேண்டும். இடுப்பு பாயோடு ஒட்டியிருக்க வேண்டும், நடுவே கை நுழையக் கூடாது. படுத்திருப்பவருக்கு அது சரியாகத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். இவர் வேறு யாரையும் தொடவிடமாட்டார். அதனால் கதவோரம் நின்று நான் கற்றுக்கொண்டேன்.

முதலில் உண்மையாகத்தான் சொன்னேன். சித்திரையில் எழுந்து நடந்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மறுநாளே கம்பெனிக்குப் போனார்.

அந்த ஒரு வருஷம் நாரணாபுரத்துக் கம்பெனியை நடத்தியது நான். எங்கள் பக்கத்தில் முதலாளி வீட்டுப் பெண் பட்டாசுக் கம்பெனிக்குள் கால்வைப்பதில்லை. வேறு வழியில்லாமல் விட்டார்கள். வெடிமருந்து கலக்கிற ஷெட்டைத் தனியாகத் தள்ளிப் போட்டேன். அவர் வந்ததும், ஆளுகளுக்கு நடந்தே நேரம் போகிறது என்று அதைப் பழையபடி திரி வெட்டுகிற இடத்தோடு சேர்த்தார். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "போதும் சொர்ணம், இனி நீ அடுப்படியைப் பாரு" என்றார்.

போர்மேன் கண்ணுச்சாமி வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். "அம்புட்டுப் பொம்பளையாளுகளும் ஒரே ஷெட்டுல இருக்காகம்மா. ஒரு பொறி போதும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். சொல்லிப் பார்த்தேன். இவர் சிரித்தார்.

அன்று சாயங்காலம் பயிற்சியின்போது இடுப்பு வளைந்து மேலே எழும்பியது. என் கை முழுசாக உள்ளே போனது.

"சரியா இருக்கா?" என்றார்.

"ஒட்டித்தான் இருக்கு. காலை இன்னுங் கொஞ்சம் உசத்துங்க" என்றேன்.

ஆடி பிறப்பதற்குள் மறுபடி படுத்துவிட்டார். நான் ஷெட்டை மறுபடி தள்ளிப் போட்டேன்.

அதன்பிறகு வருஷாவருஷம் இப்படித்தான். தீபாவளி கழிந்து ஆர்டர் குறைந்ததும் சரியாகச் சொல்வேன். பங்குனியில் கைத்தடி ஊன்றிக் கோயிலுக்குக்கூடப் போய் வருவார். சீசன் தொடங்கும்போது மாற்றிச் சொல்வேன். அவர் வலியில் துடிக்கும்போது எனக்கும் கண் நிறையும், அது பொய்யில்லை. தைலம் தேய்த்துவிடுவேன். "நீ இல்லாட்டி என் கதி என்ன" என்பார்.

இந்த வருஷம் இடது கால் மரத்துப்போனது நான் நினைத்துச் செய்ததல்ல. ஆனால் எங்கள் கம்பெனியில் இத்தனை வருஷமாக ஒருத்தி விரல்கூடக் கருகவில்லை. அதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். அந்த ஏழைகளுக்காகத்தான் இதைச் செய்தேன். போன வருஷம் அவரே, நீ சொன்னதுதான் சரி, ஷெட் தள்ளியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் பம்பாய் வியாபாரிகளெல்லாம் என்னைக் கேட்டுத்தான் ஆர்டர் கொடுக்கப் பழகியிருந்தார்கள்.

நரம்பு இன்னும் முழுசாகக் கெடவில்லை, இன்றைக்கே முறையாக ஆரம்பித்தால் நடந்துவிடுவார் என்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம், டாக்டர். அவரிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். என்னைத் தவிர யாரையும் நம்பமாட்டார். அந்த முறையை எனக்குக் காட்டிக்கொடுங்கள். தீபாவளி லோடு போனதும் ஆரம்பித்துவிடுகிறேன்.